நிறக் கண்ணாடி முப்பரிமாணப் படம்

ஒரு கண்ணுக்குச் சிவப்பும் மறு கண்ணுக்கு நீலப்பச்சையும் பொருத்திய கண்ணாடியை அணிந்து பார்த்தால், தட்டையான திரையில் ஆழம் தெரியும்படி உருவாக்கப்படும் படம். தொழில்நுட்பப் பெயர் அனாகிளிஃப். சிவப்பு–பச்சை, சிவப்பு–நீலம், மஞ்சள்பழுப்பு–நீலம் எனப் பல இணைகள் புழங்கியிருக்கின்றன. இன்று பெரும்பாலும் காணப்படுவது இடக்கண்ணுக்குச் சிவப்பும் வலக்கண்ணுக்குச் சியான் எனப்படும் நீலப்பச்சையும் கொண்ட இணை. இரண்டு படங்களைப் பிரித்து உரிய கண்ணுக்கு அனுப்புவது மட்டுமே கண்ணாடியின் வேலை. அவற்றைச் சேர்த்து ஆழத்தைக் கட்டியெழுப்புவது பார்ப்பவரின் மூளை.

மனிதரின் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6 முதல் 6.5 செ.மீ. இடைவெளி உண்டு. ஆகவே ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபட்ட கோணத்தில் காண்கின்றன. பொருள் அருகே வர வர இந்த வேறுபாடு கூடும். தொலைவில் போனால் குறையும். மூளை இதைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறது என்பதை ஆங்கிலேய அறிவியலர் சார்லஸ் வீட்ஸ்டோன் 1838இல் காட்டினார். கோணம் மாற்றி வரைந்த இரு கோட்டுப் படங்களைக் முகம் பார்க்கும் கண்ணாடிகளின் உதவியால் தனித்தனிக் கண்ணுக்குக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் அவர் அமைத்தது. 1960இல் ஆய்வாளர் பேலா யூலெஸ் இன்னும் ஒரு படி சென்றார். கணினியால் தாறுமாறாகத் தூவப்பட்ட புள்ளிகள் கொண்ட இரண்டு படங்கள். ஒன்றில் மட்டும் நடுவிலுள்ள ஒரு சதுரப் பகுதியின் புள்ளிகள் சற்று நகர்த்தப்பட்டிருக்கும். ஒற்றைக் கண்ணால் எதைப் பார்த்தாலும் வெறும் புள்ளிக் கூட்டம்தான். இரண்டையும் உரிய கண்களுக்குக் காட்டியதும் சதுரம் தனியே எழுந்து மிதக்கும். உருவம் எதையும் அடையாளம் காணாமலேயே மூளையால் ஆழத்தை அறிய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. யூலெஸ் 1971இல் வெளியிட்ட நூலில் இந்தப் படங்கள் சிவப்பு–பச்சைக் கண்ணாடியுடனேயே வாசகர் கைக்கு வந்தன.

திரைப்படத்தில் இது நடக்கும் விதம் எளிது. பக்கத்துப் பக்கத்தில் அமைந்த இரு லென்ஸ்களால் ஒரே காட்சி இருமுறை பதிவாகிறது. இடப்பக்கப் படம் சிவப்பு ஒளியிலும் வலப்பக்கப் படம் நீலப்பச்சை ஒளியிலும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழுகின்றன. கண்ணாடியிலுள்ள சிவப்பு வடிகட்டி சிவப்பு ஒளியை விட்டு மற்றதைத் தடுக்கும். சியான் வடிகட்டி சிவப்பைத் தடுத்துப் பச்சையையும் நீலத்தையும் விடும். இருண்ட காட்சியில் எரியும் விளக்கு ஒன்றைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் இந்த ஏற்பாடு வெளிப்படும். சிவப்பு விளக்கு ஒன்றும் நீலப்பச்சை விளக்கு ஒன்றும் பக்கம் பக்கமாகத் தெரியும். சிவப்பு வலப்புறம் தள்ளியிருந்தால், கண்ணாடி அணிந்ததும் விளக்கு திரையை விட்டு முன்னே வரும். சிவப்பு இடப்புறம் இருந்தால் அது திரைக்குப் பின்னே போய்விடும். இரண்டும் ஒன்றிப் போய் வெள்ளையாகத் தெரியும் விளக்கு திரையிலேயே நிற்கும். கண்ணாடியைத் திருப்பிப் போட்டால் முன்பின் தலைகீழாகும்.

பின்னே தோன்ற வேண்டிய பொருளின் இரு பிம்பங்களும் திரையில் கண்களின் இடைவெளியை விட அதிகமாக விலகினால், கண்கள் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டியிருக்கும். அது இயல்புக்கு மாறான அசைவு, கண் வலிக்கும். சிறிய திரைக்குக் கணக்கிட்ட படத்தைப் பெரிய திரையில் காட்டும்போது நேரும் சங்கடங்களில் இது முக்கியமானது.

இம்முறையின் பெரிய இழப்பு நிறம். எந்த ஒளியைக் கொண்டு படங்களைப் பிரிக்கிறோமோ அதே ஒளிதான் நிறத்தையும் தாங்கி வருகிறது. எனவே இரண்டும் முழுமையாகக் கிடைக்க வழியில்லை. திரையில் ஒருவர் கருஞ்சிவப்புச் சட்டையில் வந்தால் இடக்கண்ணுக்கு அது பளிச்சென்றும் வலக்கண்ணுக்குக் கறுப்பாகவும் தெரியும். மூளை எதை ஏற்பது என்று தீர்மானிக்க முடியாமல் தடுமாற, சட்டை மினுமினுத்துக் கண்ணை உறுத்தும். வடிகட்டிகள் ஒளியை முழுமையாகத் தடுக்காதபோது ஒரு கண்ணுக்குரிய படம் மறு கண்ணுக்கும் கசிந்து, விளிம்புகளில் நிழலுரு போலப் படியும். கறுப்பு வெள்ளைப் படங்களே இம்முறைக்கு மிகவும் பொருந்துகின்றன.

நிறக் கண்ணாடியால் ஆழம் காட்டும் கருத்தை ஜெர்மனியின் வில்ஹெல்ம் ரோல்மன் 1853இல் விளக்கினார். பிரெஞ்சு இயற்பியலர் தால்மெய்டா 1858இல் சிவப்பு, பச்சைக் கண்ணாடிகள் பொருத்திய விளக்குகளால் படங்களைத் திரையில் வீழ்த்தினார். வண்ண ஒளிப்படத்தின் முன்னோடிகளில் ஒருவரான லூயி துக்கோ து ஓரோன் 1891இல் இதை அச்சுக்குக் கொண்டுவந்தார். 1915 ஜூனில் நியூயார்க்கின் ஆஸ்டர் அரங்கில் எட்வின் போர்ட்டர் சில சோதனைச் சுருள்களைத் திரையிட்டார். 1922 செப்டம்பர் 27 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் காட்டப்பட்ட ‘தி பவர் ஆஃப் லவ்’, கட்டணம் செலுத்திய பார்வையாளர்களுக்குத் திரையிடப்பட்ட முதல் முப்பரிமாணக் கதைப்படமாகக் கருதப்படுகிறது. சிவப்பு–பச்சைக் கண்ணாடி வழியே பார்த்த படம் அது.

1950களின் ஹாலிவுட் முப்பரிமாணப் படங்களையும் மக்கள் சிவப்பு–நீலக் கண்ணாடி போட்டே பார்த்தார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. 1952இல் வெளியான ‘புவானா டெவில்’, 1953இன் ‘ஹவுஸ் ஆஃப் வேக்ஸ்’ ஆகியவை ஒரே தளத்தில் மட்டும் அதிரும் தளவிளைவு ஒளியைப் பயன்படுத்தின. அவற்றுக்கான போலராய்டு கண்ணாடி இரு பக்கமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும், படத்தின் வண்ணமும் கெடாது. அக்காலப் படங்கள் சில பின்னாளில் சிவப்பு–நீலப் பிரதிகளாக மறுவெளியீடு கண்டதும், 1953இல் அமெரிக்காவில் நிறக் கண்ணாடியோடு முப்பரிமாணச் சித்திரக்கதை இதழ்கள் விற்றதும் இந்தக் குழப்பத்தை வளர்த்திருக்க வேண்டும். ‘ஹவுஸ் ஆஃப் வேக்ஸ்’ படத்தின் இயக்குநர் ஆந்த்ரே டி டோத் ஒரு கண் பார்வையை இழந்தவர். தம் படத்தின் ஆழத்தை அவரால் காண இயலாது. ஆனாலும் அக்கால முப்பரிமாணப் படங்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று அது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ 1984இல் மலையாளத்தில் வெளிவந்தபோது பயன்பட்டதும் தளவிளைவு முறையே.

அம்முறைக்கு ஒளியின் தளத்தைக் குலைக்காத வெள்ளித்திரை தேவை; சாதாரண வெள்ளைத் திரை உதவாது. அச்சிட்ட தாளிலும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலும் அதைச் செயல்படுத்த முடியாது. ஆகவே அங்கெல்லாம் நிறக் கண்ணாடியே நீடித்தது. திரையரங்கிலும் 2003இல் ராபர்ட் ரோட்ரிகஸின் ‘ஸ்பை கிட்ஸ் 3-டி’ வழியாக அட்டைச் சட்டமிட்ட சிவப்பு–நீலக் கண்ணாடி ஒரு சுற்று திரும்பி வந்தது. 2007இல் அறிமுகமான டால்பி 3டி முறை நிறத்தால் பிரிப்பதையே வேறு வழியில் செய்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் அலைநீளம் சற்றே வேறுபட்ட இரு குறுகிய பட்டைகளை எடுத்து, ஒரு தொகுதியை இடக்கண்ணுக்கும் மற்றதை வலக்கண்ணுக்கும் அது தருகிறது. இரு கண்களுக்கும் மூன்று முதன்மை நிறங்களும் கிடைப்பதால் படம் வண்ணம் குன்றாமல் தெரிகிறது. வெள்ளைத் திரையே போதும். கண்ணாடியின் விலைதான் அட்டைக் கண்ணாடியைப் போலப் பல மடங்கு.

அறிவியல் துறையில் பழைய சிவப்பு–சியான் முறை இன்றும் அன்றாடக் கருவி. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் முதல் அங்கு சென்ற ஊர்திகள் இரட்டைக் கேமராவால் எடுத்த படங்களை நாசா இவ்வகையில் வெளியிட்டு வருகிறது. பாறைகளின் உயரத்தையும் பள்ளங்களின் சரிவையும் எந்தக் கணினித் திரையிலும், எந்த வகுப்பறைச் சுவரொட்டியிலும் பார்க்க ஓர் அட்டைக் கண்ணாடி போதுமானது.