திருவோணமும் ஒரு கித்தாரும்

1972-ஆம் ஆண்டு செப்டம்பரில் கித்தார்க் கலைஞர் இராபர்ட் ஃபிரிப் இலண்டனிலுள்ள பிரையன் ஈனோவின் இல்லத்துக்குச் சென்றார். ஈனோ இரண்டு நாடாப் பதிவுக் கருவிகளை இணைத்து வைத்திருந்தார். முதற்கருவியில் பதிவான ஒலி, நாடா நகர்ந்து சென்றபின் இரண்டாவதில் ஒலிக்கும். ஒலித்தது மீண்டும் முதலாவதற்கே திரும்பிப் புதிய வாசிப்போடு கலந்து பதிவாகும். இவ்வாறு ஒருவர் விரலோசை பலர் வாசிப்பாய்ப் பெருகிற்று. அமெரிக்காவில் டெர்ரி ரைலி இம்முறையை முன்னரே கையாண்டவர்; கித்தாருக்கு இது புதுவாழ்வு தந்தது என்பேன்.

அன்றைய வாசிப்பு 1973-இல் இசைத்தட்டாயிற்று. தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே இசை. இருபது நிமிடத்துக்கும் மேல்! 1975-இல் இரண்டாவது தட்டு வந்தது. மூன்றாவதோ, இருவரும் ஐம்பதைக் கடந்தபின், 2004-இல்தான் வந்தது: ‘தி இக்குவடோரியல் ஸ்டார்ஸ்’. அதிலுள்ள ஏழு இசைகளும் வானத்துப் பெயர் தாங்கியவை. ‘லைரா’ என்பது யாழ் வடிவ விண்மீன் குழு. ‘ஆல்டேர்’ நம் திருவோணமே.

முதல் தட்டில் ஒலிமேல் ஒலி குவிந்து, செவிக்கு ஓய்வே இராது. மூன்றாவதில் மின்னணுக் கருவிகளின் மெல்லிய விரிப்பின்மேல், கித்தார் ஒரு சுரத்தை நீட்டி, அது தேய்ந்த பின்னரே அடுத்ததைத் தொடுகிறது. எனக்கு உவப்பானது இதுவே. வாய்ப்புக் கிடைப்போர் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். விளக்கணைத்துக் கேட்பது நலம்.