மறுபூச்சுக்குப் பிந்திய கார்ப் பராமரிப்பு

டிங்கரிங், பெயின்டிங் முடிந்து பட்டறையிலிருந்து வரும் காரின் பூச்சு காய்ந்திருக்குமே தவிர, முழுக் கடினம் அடைந்திருக்காது. கைபட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். பூச்சுக்குள் வேதிவினை முடிந்து, மிச்சமிருக்கும் தின்னர் வெளியேறப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். மறுபூச்சுப் பராமரிப்பின் விதிகள் எல்லாம் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன. தொழிற்சாலைக் காருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே டயரோ வயரோ இருக்கையோ பொருத்தாத வெறும் கூடுதான் அடுப்புக்குள் போகிறது; ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் பூச்சு சுடப்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் காரை அப்படிச் சுட முடியாது. பிளாஸ்டிக், ரப்பர், மின்னணுக் கருவிகள், எரிபொருள் எல்லாம் அதில் இருப்பதால் பட்டறையின் பெயின்ட் பூத்தில் 60 டிகிரி அளவில் அரை மணி நேரம் சூடேற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பூத் இல்லாத பட்டறையில் வெயில்தான் அடுப்பு. அக்ரிலிக் பிசினும் ஐசோசயனேட் ஹார்டனரும் இணைந்து உருவாகும் கிளியர் கோட், மீதி இணைப்புகளைக் கார் வீட்டுக்கு வந்த பிறகுதான் போட்டு முடிக்கிறது.

வாக்ஸ் பூசுவதற்கு 30 முதல் 90 நாட்கள் வரை பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வாக்ஸ் மேற்பரப்பை மூடுகிறது. உள்ளே தங்கிய கரைப்பான் வெளியேறுவது தடைப்பட்டால் பூச்சு மங்கலாம், நெடுநாள் மென்மையாகவே இருக்கலாம். இது பழைய காலத்து விதி என்று மறுப்பவர்கள் உண்டு. 1920களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் வந்த டூக்கோ போன்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுகள் கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே இறுகின. இன்றைய பூச்சு வேதிவினையால் இறுகுவது, அதற்கு எதற்குக் காத்திருப்பு என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. இன்றைய பூச்சிலும் தின்னர் இருக்கிறது. கனமாக அடித்த பூச்சிலும், ஹார்டனர் அளவு தவறிய பூச்சிலும் அது நெடுநாள் தங்கும். காத்திருக்கும் காலம் பூச்சுக்குப் பூச்சு மாறும் என்பதே சரி. பெயின்ட் தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் உள்ள காலமே இறுதி. செராமிக் கோட்டிங்குக்கும் இது பொருந்தும். பாதுகாப்பு ஃபிலிமில் இன்னோர் ஆபத்து: உரிக்கும்போது சரியாகப் பிடிக்காத பெயின்டையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும்.

வாக்ஸ் இல்லாவிட்டால் வெயிலும் அழுக்கும் பூச்சைக் கெடுத்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. புதிய கிளியர் கோட்டிலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் கலந்திருப்பதால் சில வார வெயில் பெரிய ஆபத்தல்ல. அவசரம் காக்கை எச்சத்தில்தான். நண்பகல் சூட்டில் மென்மையான பூச்சின் மேல் எச்சம் காய்ந்து இறுகினால், துடைத்த பிறகும் அச்சு நிற்கும். சுரண்டாமல், ஈரத்துணி போட்டு ஊறவைத்து உடனே எடுக்க வேண்டும். வேப்பமரத்தடியில் நிறுத்தினால் பிசினுக்கும் இதே வைத்தியம். முதல் வாரம் வெறும் தண்ணீர் போதும். பிறகு காருக்கென்றே உள்ள மிதமான ஷாம்புவும் மைக்ரோஃபைபர் துணியும். சுழலும் பிரஷ் உள்ள தானியங்கிக் கழுவகத்துக்கு ஒரு மாதமாவது போகக் கூடாது. கடின நீரான போர்வெல் தண்ணீர் என்றால் நிழலில் கழுவி, சொட்டு காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் உப்பு வெள்ளை வட்டங்களாகப் படியும். ஆயுத பூஜைக்குப் பானெட்டில் இடும் சந்தனம், குங்குமத்தையும் அன்றே கழுவிவிடலாம், சாமி கோபிக்காது. கவர் போட்டு மூடுவது பாதுகாப்பாகத் தோன்றினாலும், ஈரத்தை அடக்கி, இடையில் சிக்கிய தூசியால் கீறும்.

காரைத் திரும்ப எடுக்கும்போதே எந்த நிறுவனத்தின் கிளியர் கோட், பூத்தில் சூடேற்றினார்களா, எந்தத் தேதியில் அடித்தார்கள் என்ற மூன்றையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.