டாக்காவிலும் டோக்கியோவிலும் பிறந்த ஆங்கில அகராதி

1970களின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரியபீடத்தில் உதவி ஆசிரியராக நான் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வெளிநாட்டுச் செய்திப் பக்கம் என் பொறுப்பு. தொலை அச்சு இயந்திரத்தில் வந்து குவியும் ஆங்கிலச் செய்திகளைக் கிழித்தெடுத்து, தமிழில் எழுதி அச்சுக்கோப்பவர்களிடம் அனுப்பவேண்டும். ஓரிரவு, ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றின் தொழிலாளர்கள் பற்றி நான்கு வரிச் செய்தியொன்று வந்தது. வேலைநிறுத்தம் 'கோல்ட் ஓஃப்' என்றிருந்தது. 'கோல்' என்றால் அழைப்பது என்பதைப் பாலர் வகுப்பிலேயே படித்தவன் நான். ஆகவே, 'வேலைநிறுத்தத்துக்குத் தொழிற்சங்கம் அழைப்பு' என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன்.

அரைமணி நேரத்தில் ஒப்புநோக்காளர் கையில் ஈரம் காயாத தாளோடு என் மேசைக்கு வந்தார். சுதந்திரத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஆங்கில மூலம் கற்ற முதியவர். இரவுக் கடமைக்குப் புறப்படுமுன் பி.பி.சி. செய்தியைக் கேட்டுவிட்டு வருவது அவருடைய வழக்கம்.

"தம்பி, இந்த வேலைநிறுத்தம் நடக்கப்போகுதா, இல்லாமல் போச்சுதா?" என்று கேட்டார்.

நான் ஆங்கில மூலத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தமது மேசை இழுப்பறையிலிருந்து தடித்த அகராதியொன்றைக் கொண்டுவந்து, 'கோல்' என்ற சொல்லுக்குரிய இடத்தைப் பிரித்து வைத்தார். 'கோல் ஓஃப்' என்றால் கைவிடுதல். 'கோல் ஃபோர்' என்றால் கோருதல். 'கோல் ஒன்' என்றால் சென்று சந்தித்தல். 'கோல் அப்' என்றால் படைச்சேவைக்கு அழைத்தல். நடக்காத வேலைநிறுத்தத்தை நடத்திவைக்க இருந்தேன். தலைப்பு மாற்றப்பட்டது. அன்றிரவு அந்த அகராதியின் முன்னுரையைப் புரட்டியபோது என்னை வியக்கவைத்தது வேறொரு விடயம். ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட அந்த ஆங்கில அகராதி தயாரானது ஜப்பானில்.

ஆங்கிலேயரின் மொழிக்கு ஜப்பானில் ஏன் அகராதி எழுதினார்கள் என்ற கேள்விக்கு விடைதேடிச் சென்றால், நம்மவர் ஆங்கிலம் கற்ற வரலாற்றின் ஒரு பகுதியும் வெளிச்சத்துக்கு வருகின்றது.

'டேக்', 'புட்', 'கெட்', 'கோல்' போன்ற சிறு வினைகள் 'அப்', 'ஓஃப்', 'இன்' போன்ற சிறு இடைச்சொற்களோடு சேர்ந்து முற்றிலும் வேறு பொருள் தருவதை ஆங்கிலேயர் அறியாதவர்கள் அல்லர். சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியின் முன்னுரையிலேயே, அந்நியருக்கு மிகப்பெரிய இடர்தருவது இதுவே என்று எழுதியிருக்கிறார். 'டேக்' என்ற ஒரு வினைக்கு மாத்திரம் அவர் 134 பொருள்களைத் தந்தார். ஆயினும் அவருடைய அகராதி ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் படிக்கும் ஆங்கிலேயருக்கானது. இத்தொடர்களுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'ஃபிரேசல் வேர்ப்' என்ற பெயர்கூட 1925இல் லோகன் பியர்சல் சிமித் எழுதிய நூலிலேதான் அச்சேறியது. ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி அப்பெயரைச் சொல்லித் தந்ததாக அவரே குறிப்பிட்டுள்ளார்.

ஆங்கிலத்தில் ஒரே கருத்துக்குப் பெரும்பாலும் இரு சொற்கள் இருக்கும். ஒன்று, வீட்டிலும் சந்தையிலும் புழங்கும் பழைய ஜெர்மானிய வழிச் சொல். மற்றையது, 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் பிரெஞ்சு மொழி வழியாகவும், பின்பு புலவர்கள் வழியாக லத்தீனிலிருந்தும் வந்துசேர்ந்த சொல். ஒத்திவைப்பதை வீட்டில் 'புட் ஓஃப்' என்பார்கள். அலுவலகத்தில் 'போஸ்ட்போன்' என்பார்கள். சகித்துக்கொள்வது வீட்டில் 'புட் அப் வித்', நூலில் 'டொலரேட்'. குடியேற்றக் காலப் பாடசாலைகள் நம் முன்னோருக்குக் கற்பித்தது பெரிதும் இந்த இரண்டாவது ஆங்கிலத்தை. செய்யுளும் சட்டமும் நிருவாகக் கடிதமும் அதிலேயே இருந்தன. நீதிமன்றத்தில் வெள்ளைக்கார நீதிபதியை வியக்கவைத்த நம்மவர் சிலர், அந்த நீதிபதியின் வீட்டுப் பிள்ளைகள் பேசுவது புரியாமல் விழித்ததில் வியப்பில்லை.

இந்தக் குறையைக் கண்டறிந்தவர்கள் ஆசிய வகுப்பறைகளில் நின்று கற்பித்த ஆசிரியர்களே. முதலாமவர் மைக்கல் வெஸ்ட். இந்தியக் கல்விச் சேவையில் சேர்ந்து வங்காளம் வந்தவர்; டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். வங்காளத்து மாணவர் பலர் பாடசாலைப் படிப்பை முடிக்காமலே இடைவிலகுவதை அவர் கண்டார். அவர்கள் கையில் இருந்த ஆங்கிலப் பாடநூல்களோ, பத்து ஆண்டுகள் படித்தால் மட்டுமே பயன்தரும் வகையில் எழுதப்பட்டிருந்தன. இடையில் நின்றவனுக்கு மிச்சம் எதுவுமில்லை. 1926இல் வெளியான தமது ஆய்வு நூலில் வெஸ்ட் இதற்கு ஆயுள் காப்புறுதியிலிருந்து ஒரு சொல்லை எடுத்தாண்டார்: 'சரண் பெறுமதி'. காப்புறுதிப் பத்திரத்தை இடையில் ஒப்படைத்தாலும் ஒரு தொகை கைக்கு வரும் அல்லவா? அதுபோல, ஓராண்டு படித்து நின்ற பிள்ளைக்கும் அந்த ஓராண்டுக்குரிய பயன் கிடைக்கவேண்டும் என்றார் அவர். நம் நாட்டில் பத்தாண்டுகள் ஆங்கிலம் படித்தும் ஒரு விண்ணப்பம் எழுத முடியாமல் வெளியேறிய மாணவர்களை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் நினைவுக்கு வரும்.

அதிகம் வழங்கும் சொற்களை முதலில் கற்பிக்கும் வாசிப்பு நூல்களை அவர் டாக்காவில் எழுதினார். 1935இல் எண்டிகொட் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதி, 1,490 சொற்களை மாத்திரம் கொண்டு ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கியது. எளிய சொல்லை அதைவிடக் கடினமான சொல்லால் விளக்கும் அகராதிகளால் அவதிப்பட்டவர்களுக்கே இதன் அருமை புரியும்.

அதே காலத்தில் டோக்கியோவில் மற்றொருவர் இருந்தார். ஹரல்ட் பாமர் 1922இல் ஜப்பானியக் கல்வி அமைச்சின் மொழி ஆலோசகராக வந்து, மறு ஆண்டில் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதை அவர் ஆராய்ந்தார். தமிழில் மழை பெய்யும், வெயில் எறிக்கும், காற்று வீசும். மழை ஏன் எறிக்காது என்று ஒரு வெளிநாட்டவர் கேட்டால் நம்மிடம் இலக்கண விதி எதுவுமில்லை. சேர்த்தே கற்கவேண்டும் என்றுதான் சொல்லமுடியும். பாமர் சொன்னதும் அதுவே.

1924இல் கியூஷூ தீவின் ஓயிட்டா நகர வணிகக் கல்லூரியில் கற்பிக்க வந்த ஏ. எஸ். ஹோன்பி என்ற இளைஞர் பாமரோடு இணைந்துகொண்டார். பாமர் 1936இல் நாடு திரும்பியபின், ஹோன்பி, ஜப்பானில் கற்பித்துக்கொண்டிருந்த கேட்டன்பி, வேக்ஃபீல்ட் ஆகிய இருவரோடு சேர்ந்து புதியதோர் அகராதியைத் தயாரித்தார். எந்த வினையை எந்த வாக்கிய அமைப்பில் இடலாம் என்பதை 25 வகைகளாகப் பிரித்துக் காட்டியது அது. சிறு வினைகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் தந்தது. பெரிய சொல்லைத் தேடி வருபவனைவிட, 'கெட்' தெரியாமல் தவிப்பவனை அது மதித்தது என்பேன்.

1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டதும் ஹோன்பி ஜப்பானில் தடுத்துவைக்கப்பட்டு, மறு ஆண்டில் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆனால் அகராதி நின்றுவிடவில்லை. 1942இல் டோக்கியோவின் கைதாக்குஷா பதிப்பகம் அதை வெளியிட்டது. அதே 1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆந் திகதி திருகோணமலையில் குண்டுகள் விழுந்தன. நம் கடற்கரைகளில் குண்டுவீசிய நாடு, அதே ஆண்டில் எதிரியின் மொழிக்கு அதுவரை இல்லாத சிறந்ததோர் அகராதியை அச்சிட்டுக்கொண்டிருந்தது! ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் 1948இல் அந்தப் பக்கங்களையே நிழற்பட முறையில் மறுபதிப்புச் செய்தது. எங்கள் ஒப்புநோக்காளரின் இழுப்பறையில் இருந்தது அதன் வழிவந்த பதிப்பு.

இதற்கிடையில் சுருக்கு வழி காட்ட வந்தவர்களும் உண்டு. சி. கே. ஓக்டன் 1930இல் 'அடிப்படை ஆங்கிலம்' என்ற பெயரில் 850 சொற்களே போதும் என்றார். அவற்றுள் வினைகள் 18 மாத்திரம். வின்ஸ்டன் சேர்ச்சில் 1943இல் இதை வெகுவாகப் புகழ்ந்தார். பட்டியல் ஒரு தாளில் அடங்கியது உண்மை. ஆனால் 'டொலரேட்' என்ற சொல்லை நீக்கிவிட்டு 'புட் அப் வித்' என்று சொல்லவைத்தால் சுமை குறைந்ததாகுமா? ஒரு சொல்லைப் படிப்பதற்குப் பதிலாக, மூன்று சொற்கள் சேர்ந்து தரும் எதிர்பாராத பொருளைப் படிக்கவேண்டும். ஆங்கிலேயருக்கு எளிதாகத் தோன்றுவதே மற்றவர்களுக்குக் கடினம் என்பதை ஓக்டன் காணவில்லை. வெஸ்ட் கண்டார், கடுமையாக மறுத்தும் எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியல், ஒவ்வொரு சொல்லும் எந்தப் பொருளில் எவ்வளவு வழங்குகிறது என்பதையும் சேர்த்தே காட்டியது. பின்னர் 1975இல் கௌவி, மெக்கின் ஆகியோர் இத்தகைய வினைத்தொடர்களுக்கென்றே தனி அகராதி தந்தார்கள். 1987இல் பேர்மிங்ஹாமில் ஜோன் சின்கிளயர் தலைமையில் கணினித் தரவுகளைக் கொண்டு கோபில்ட் அகராதி வந்தது.

இலங்கையில் 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின்னர் அரச கருமங்களில் ஆங்கிலம் பின்தள்ளப்பட்டது. தாய்மொழிக் கல்வி பரவியது. அதை நான் குறைகூறமாட்டேன். ஆனால் ஆங்கிலத்தின் அதிகாரம் போய்விடவில்லை. சிங்கள மாணவர்கள் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று பெயரிட்டார்கள். வாள் என்பது பொருள். 1987இன் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அந்த வாளின் பிடி யார் கையில் இருந்தது என்பது, வீட்டில் ஆங்கிலம் பேசியவர்கள் யார் என்பதைப் பொறுத்தது. இலக்கணத்தைப் பாடசாலையில் படிக்கலாம். 'புட் அப் வித்' போன்றவை சாப்பாட்டு மேசையில் கிடைப்பவை. அந்த மேசை இல்லாதவர்களுக்கு ஹோன்பியின் அகராதி ஒன்றே துணையாக இருந்தது.

சென்ற வருடம் ரொறன்ரோவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே பிறந்து வளர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி, நான் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ச் செய்தியொன்றை எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'போராட்டம் கைவிடப்பட்டது' என்றிருந்தது.

"தாத்தா, கை எண்டால் ஹேண்ட்தானே? ஆர்ட கை?" என்று கேட்டாள்.

கைகூடு, கைப்பற்று, கைக்கொள், கையாள், கைவிடு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டத் தொடங்கினேன். எழுதி முடிய நெடுநேரம் ஆயிற்று.