தரவுத்தளங்களை அளந்த வரலாறு

முதலாம் இராசராச சோழன் தஞ்சையில் எடுப்பித்த பெரிய கோயிலின் கல்வெட்டுக்களைப் படிப்போர், அம்மன்னன் வழங்கிய பொன்னையும் மணியையுங் கண்டு வியப்பது இயல்பே. அவற்றை அளந்த முறை அதனினும் வியத்தற்குரியது. பொன், ஆடவல்லான் என்னுங் கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகள், தட்சிணமேருவிடங்கன் என்னுங் கல்லால் நிறுக்கப்பட்டன. நெல்லளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அஃது இராசகேசரி என்னும் அளவையோடு ஒத்தது என்பதும் உடன் பொறிக்கப்பட்டுள்ளது. எவ்வளவு எனக் கூறுமிடத்து, எதனால் அளந்தது என்பதையுங் கூறாவிடின் அக்கூற்று நிறைவுறாது என்பதைச் சோழ அரசின் எழுத்தர் அறிந்திருந்தனர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தெளிவாயிருந்த இவ்வுண்மை, இருபதாம் நூற்றாண்டின் கணினித் துறையிற் பல பிணக்குகளுக்குப் பின்னரே நிலைபெற்றது.

கொட்டாஞ்சேனைக் கிளையிற் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் வெள்ளவத்தைக் கிளைக்குச் சென்று ஆயிரம் ரூபாய் பெறுகின்றார் எனக் கொள்வோம். கணக்குகள் யாவும் ஒரே கணினியில் இருப்பின் இடரில்லை. அவை பல கணினிகளிற் பிரிந்து கிடந்து, பயன்படுத்துவோர்க்கு ஒன்றே போலத் தோன்றுமாயின், அதனைப் பரவிய தரவுத்தளம் என்பர். ஈண்டு, வெள்ளவத்தையிற் பணம் கொடுத்த பதிவும் கொட்டாஞ்சேனையிற் கணக்குக் குறைந்த பதிவும் ஆகிய இரண்டும் நிகழ்தல் வேண்டும். அன்றேல் இரண்டும் நிகழாதொழிதல் வேண்டும். ஒன்று நிகழ்ந்து மற்றது தவறின், வங்கியேனும் வாடிக்கையாளரேனும் நட்டமுறுவர். இதற்கென வகுத்த முறை இரு கட்ட உறுதிப்பாடு எனப்படும். முதலில் எல்லாக் கணினிகளையும் ஆயத்தமா என வினவி, யாவும் ஆம் என்ற பின்னரே முடிக்க எனக் கட்டளையிடுவது அது. வினவலும் விடையும் கம்பிவழிச் செல்லுங் காலமே பரவிய தரவுத்தளம் செலுத்தும் வரி எனலாம். இவ்வரியைக் குறைக்க முயன்றோருள், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977 இற் பட்டம் பெற்ற சி. மோகன் குறிப்பிடத்தக்கவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆர் ஸ்டார் என்னும் பரவிய தரவுத்தள ஆய்வில் அவரும் உடனாய்வாளரும், செய்திகளின் தொகையையும் பதிவேட்டில் எழுதும் தடவைகளையும் குறைக்கும் வழிகளைக் கண்டனர்.

இனி அளவைக்கு வருவோம். அமெரிக்காவிற் பெரிய வங்கியொன்று 1973 இல் தன் 1,000 கிளைகளையும் 10,000 காசாளரையும் 1,00,00,000 கணக்குகளையும் கணினியோடு இணைக்க விரும்பியது. நொடிக்கு 100 கொடுக்கல்வாங்கல் முடிதல் வேண்டும் என்பது அதன் தேவை. இவ்வங்கியின் கணக்கையே அளவுகோலாக்கி, ஜிம் கிரே என்னும் அறிஞர் 1985 ஏப்ரலில் டேட்டாமேஷன் என்னும் இதழிற் கட்டுரையொன்று வெளியிட்டார். பல நிறுவனங்களைச் சேர்ந்தோர் கருத்துரைத்த அக்கட்டுரையில் ஆசிரியர் பெயர் இல்லை. பெயரிலியும் பிறரும் என்றே அச்சாயிற்று. நூற்றுக்கு 95 கொடுக்கல்வாங்கல் ஒரு நொடிக்குள் முடிதல் வேண்டும். நூற்றுக்கு 15 பிறிதொரு கிளையின் கணக்கைத் தொடுதல் வேண்டும். விரைவோடு ஐந்தாண்டுச் செலவையும் வெளியிடல் வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. அந்த 15 என்னும் எண்ணே நம் கொட்டாஞ்சேனை வாடிக்கையாளர்க்கு அளவுகோலில் இடமளித்தது.

பெயர் மறைத்தமைக்குக் காரணம் பலவாகலாம். பெயர் கூறியோர்க்கு நேர்ந்ததையும் நோக்குதல் தகும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து டினா பிட்டன், டேவிட் டெவிட், கரோலின் டர்பிஃபில் ஆகிய மூவரும் 1983 இல் ஓர் அளவுகோலை வகுத்து, விற்பனையில் இருந்த தரவுத்தளங்களைப் பெயர் சுட்டியே அளந்து எண்களை வெளியிட்டனர். ஆரக்கிளின் எண்கள் அந்நிறுவனத்துக்கு உவப்பானவையாக அமையவில்லை. அதன்பின், தம் பொருளை அளந்து கண்ட முடிவை இசைவின்றி வெளியிடலாகாது என்னும் விதி உரிம ஒப்பந்தங்களிற் புகுந்தது. பிற நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. டெவிட் விதி என்பதே இன்றும் அதற்குப் பெயர். தடை செய்யப்பட்டவர் பெயராலேயே தடை வழங்குவது ஒருவகைப் புகழே!

மறுபுறம், விற்போர் தாமே அளந்து தம் எண்களைப் பறைசாற்றத் தலைப்பட்டனர். கிரேயின் கணக்கின்படி 10,000 காசாளரும் நூறு நொடிக்கு ஒருமுறை கணினியை அழைப்பர். டி.பி.1 என வழங்கிய வணிகச் சோதனையிலோ காசாளரும் அவர்தம் முனையங்களும் இடைப்பட்ட கம்பிகளும் நீக்கப்பட்டு, கொடுக்கல்வாங்கல்கள் கணினிக்குள்ளேயே உண்டாக்கப்பட்டன. எண் உயர்ந்தது, இயந்திரமோ முன்னிருந்தவாறே இருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1988 ஆகஸ்டில், ஓம்ரி செர்லின் என்பாரின் முயற்சியால் எட்டு நிறுவனங்கள் கூடி டி.பி.சி. என்னும் பேரவையை நிறுவின. 1989 இல் வந்த அதன் முதல் அளவுகோல் காசாளரை மீளக் கொணர்ந்தது. நாளடைவில், வெளியார் தணிக்கை செய்த முடிவே செல்லும் என்பதும் விதியாயிற்று. விதி வந்தபின்னும் ஐயம் ஒழியவில்லை. அளவுகோலில் வெல்வதற்கென்றே மென்பொருளிற் சிறப்பு வழியொன்று சேர்க்கப்பட்டது என ஆரக்கிள் மீது 1993 இற் குற்றச்சாட்டு எழ, அத்தகைய தனிவழிகளைப் பேரவை விலக்கியது.

அதற்கு முந்திய ஆண்டில், வங்கிக்குப் பதிலாகப் பண்டகசாலை வணிகத்தைக் கொண்டு டி.பி.சி. சி என்னும் அளவுகோல் பிறந்திருந்தது. நிமிடத்துக்கு எத்தனை புதிய கட்டளைகள் நிறைவேறுகின்றன என்பதே அதன் எண். 1992 இல் வெளிவந்த முதல் முடிவு 54. சீன நாட்டின் ஓஷன்பேஸ் என்னும் பரவிய தரவுத்தளம் 2020 இல் எட்டிய முடிவு 70,73,51,007. முன்னது ஒரு சிறு கணினி. பின்னது ஆயிரத்தின் மேற்பட்ட கணினிகளின் கூட்டு. எனவே இரண்டையும் அருகருகே வைத்து விரைவை மட்டும் ஒப்பிடுதல், தனிவண்டியோடு வண்டித்தொடரை ஒப்பிடுதல் போலாகும்.

இத்துணை விதிகளுக்குந் தப்பிய பிழையொன்று உண்டு. அதனை விளக்கியவர் கில் டெனே. சோதிப்பவர் நொடிக்கு ஒரு வினா விடுத்து, விடை வந்தபின்னரே அடுத்ததை விடுக்கின்றார். நூறு நொடிகள் எல்லாம் செவ்வனே நடந்தபின், தரவுத்தளம் நூறு நொடி உறைந்துவிடுகின்றது. அவர் ஏட்டில் நூறு நல்ல விடைகளும் ஒரு தீய விடையும் இருக்கும். தவறு நூற்றுக்கு ஒன்றினுங் குறைவென முடிவுசெய்வார். உண்மையில் அவ்வுறைந்த காலத்தில் நொடிக்கு ஒருவராக நூறு பேர் வந்து நின்றிருப்பர். இருநூற்றுவருள் நூற்றுவர் காத்திருந்தனர். ஏட்டில் ஒருவர் மட்டுமே உளர். வரிசையில் நின்றோரை அளவுகோல் எண்ணவில்லை.

இவ்வரிசையைக் கண்ணாற் காண விரும்புவோர்க்கு இந்திய இரயில்வே சான்றாகும். தில்லி, மும்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து நிலையங்களின் இருக்கைப் பதிவேடுகள் 1999 இல் ஒன்றோடொன்று இணைந்தன. அதன்பின் எவ்வூரிலிருந்தும் எவ்வூர் வண்டிக்கும் சீட்டுப் பெறலாயிற்று. இணையவழி விற்பனை 2002 இல் தொடங்கியது. 2014 இற் புதிய அமைப்பு வந்தபோது, நிமிடத்துக்கு 2,000 சீட்டு என்றிருந்த வலு 7,200 ஆயிற்று என அறிவித்தனர். அவ்வெண் கொடுத்த சீட்டைக் கூறுவது. காலைப் பத்து மணிக்குத் தட்கால் விற்பனை திறக்கும்போது எத்தனை பேர் ஒருங்கே கதவைத் தட்டினர், அவருள் எத்தனை பேர் பணஞ் செலுத்தியுஞ் சீட்டின்றி நின்றனர் என்பதைக் கூறுதற்கு அதனால் இயலாது.

விரைவை விடுத்து மெய்மையை அளக்கப் புகுந்தவர் கைல் கிங்ஸ்பரி. 2013 முதல் அவர் பரவிய தரவுத்தளங்களின் கணினிகளுக்கிடையேயுள்ள தொடர்பை வேண்டுமென்றே துண்டித்து, மீள இணைத்தபின் எண்ணிப் பார்த்தார். ஏற்றுக்கொண்டேன் எனத் தரவுத்தளம் விடையளித்த பதிவுகளுட் சில காணாமற் போயிருந்தன. விரைவிற் பேர்பெற்ற சிலவும் இதிற் தவறின. ஜெப்சன் என்பது அவர் சோதனையின் பெயர். பின்னர், தரவுத்தளங்களைச் செய்வோரே கூலி கொடுத்து அவரைச் சோதிக்க அழைக்கலாயினர். ஒவ்வோர் அறிக்கையிலும், அதற்குக் கூலி கொடுத்தவர் யாவர் என்பது எழுதப்பட்டுள்ளது.