மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி: நலமுள்ளவர்களிடமும் இருக்குமா?

ஆம். நலமுள்ளவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 20 முதல் 30 பேரின் மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா தொல்லையின்றித் தங்கியிருக்கும். இது நோயன்று, இதற்கெனப் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை.

எவ்வாறு அளவிடப்படுகிறது?
மூக்கின் முன்பகுதியில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பர். இக்கிருமி சிலரிடம் நிலையாகவும் சிலரிடம் அவ்வப்போதும் காணப்படும். ஒரே மாதிரியைக் கொண்டு இவ்விரு நிலைகளையும் பிரித்தறிய இயலாது. சில வார இடைவெளியில் மீண்டும் சோதிக்க வேண்டும்.

எப்போது கவனம் தேவை?
அறுவைச் சிகிச்சையின்போதும் டயாலிசிஸ் செய்யும்போதும் ஒருவரின் மூக்கிலுள்ள கிருமியே அவரது புண்ணிலோ இரத்தத்திலோ நுழையக்கூடும். எனவே இதய, மூட்டு அறுவைச் சிகிச்சைகளுக்கு முன் மூக்கில் தடவும் முபிரோசின் களிம்பை மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை
• புண்ணைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.
• துண்டு, சவரக்கத்தி ஆகியவற்றைப் பிறருடன் பகிராதீர்கள்.
• மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் மருந்துகளை உட்கொள்ளாதீர்கள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருக அது வழிவகுக்கும்.
• சீழ்க்கட்டியுடன் காய்ச்சலோ, பரவும் சிவப்போ தோன்றினால் தாமதியாமல் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையையோ, சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகுங்கள்.