சிகாகோ சுவையூட்டிய புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம்

சிகாகோ சுவையூட்டிய புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் உள்ள சிகாகோ நகரவை, 2013ஆம் ஆண்டு திசம்பரில் நிறைவேற்றிய உள்ளூர்ச் சட்டம் ஆகும். பள்ளிகளில் இருந்து 500 அடி (ஏறத்தாழ 152 மீட்டர்) தொலைவுக்குள் சுவையூட்டிய புகையிலைப் பொருட்களை விற்பதை இது தடை செய்தது. மென்தால் சிகரெட்டையும் இத்தடையில் சேர்த்தது இச்சட்டத்தின் சிறப்பு ஆகும். இது 2014ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

பின்னணி

புகைப்பழக்கம் பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்குகிறது. நாள்தோறும் புகைக்கும் வயதுவந்தோரில் 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் 18 வயதுக்குள் முதன்முதலாகப் புகைத்தவர்கள் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிடுகிறது. புகையிலையின் கசப்பும் தொண்டை எரிச்சலும் புதியவர்களுக்கு இயல்பான தடைகள் ஆகும். பழம், சாக்லேட், புதினா போன்ற சுவைகள் அத்தடையைக் குறைக்கின்றன. மென்தால் தொண்டையில் குளிர்ச்சியான உணர்வை ஏற்படுத்திப் புகையின் காரத்தை மறைக்கிறது. ஆனால் நிக்கோட்டினின் அடிமைப்படுத்தும் தன்மை சுவையால் குறைவதில்லை.

2009ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் பழம், இனிப்பு முதலிய சுவைகள் கொண்ட சிகரெட்டுகளைத் தடை செய்தது. எனினும் மென்தால் சிகரெட்டுக்கு விலக்கு அளித்தது. சுருட்டு, மெல்லும் புகையிலை ஆகியவற்றின் சுவைகளும் அத்தடைக்குள் வரவில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் பணி நகரங்கள், மாநிலங்களின் கையில் விடப்பட்டது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் புகைப்போர் பெரும்பாலும் மென்தால் வகையையே பயன்படுத்துவதால், சிகாகோ போன்ற நகரங்களில் மென்தால் விலக்கு முதன்மையான சிக்கலாகக் கருதப்பட்டது.

சட்டமும் வழக்கும்

மேயர் ராம் இமானுவேல் காலத்தில் இச்சட்டம் கொண்டுவரப்பட்டது. புகையிலை விற்பனையையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட கடைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எரிபொருள் நிலைய உரிமையாளர் சங்கம் ஒன்று இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2015இல் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. புகையிலைப் பொருள் எவ்வாறு உற்பத்தி செய்யப்பட வேண்டும் என்பதைக் கூட்டரசு முடிவு செய்யும்; அது எங்கே விற்கப்படலாம் என்பதை உள்ளூர் அரசு கட்டுப்படுத்தலாம் என்பதே இத்தகைய வழக்குகளின் அடிப்படை ஆகும். நியூயார்க் நகரின் 2009ஆம் ஆண்டுச் சட்டமும் 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இவ்வாறே நிலைநிறுத்தப்பட்டது.

திருத்தம்

500 அடிக்கு உள்ளே இருக்கும் கடை வாடிக்கையாளரை இழக்க, சற்றுத் தள்ளியுள்ள கடை அதே பொருளைத் தடையின்றி விற்பது நியாயமற்றது என்று வணிகர்கள் வாதிட்டனர். 2016இல் நகரவை சட்டத்தைத் தளர்த்தி, உயர்நிலைப் பள்ளிகளின் சுற்றுப்புறத்துக்கு மட்டும் தடையைச் சுருக்கியது. அதே ஆண்டில் புகையிலை வாங்குவதற்கான குறைந்த வயது நகரில் 21 ஆக உயர்த்தப்பட்டது. 2020இல் சுவையூட்டிய மின்-சிகரெட் விற்பனை நகர் முழுவதும் தடை செய்யப்பட்டது.

தொலைவு அடிப்படையின் வரம்புகள்

தொலைவு அடிப்படையிலான தடையை நிறைவேற்றுவது அரசியல் அளவில் எளிது. ஆனால் மாணவர்கள் பள்ளி அருகில் மட்டும் பொருள் வாங்குவதில்லை. வீட்டருகே உள்ள கடை தடைக்கு வெளியே இருக்கலாம். இதனால் சில இடங்கள் பரந்த தடைக்கு மாறின. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2015இல் பள்ளியில் இருந்து 600 அடி என்று தொடங்கி, 2019இல் நகர் முழுவதற்கும் தடையை விரிவாக்கியது. மாசச்சூசெட்ஸ் மாநிலம் 2019இல் மென்தால் உட்பட அனைத்துச் சுவைகளின் விற்பனையையும் கட்டுப்படுத்தியது. கலிபோர்னியா மாநிலச் சட்டம் 2022ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்றது. மென்தால் சிகரெட்டை நாடு முழுவதும் தடை செய்ய 2022இல் முன்மொழியப்பட்ட கூட்டரசு விதி 2025 சனவரியில் திரும்பப் பெறப்பட்டது.

இந்தியாவுடன் ஒப்பீடு

இந்தியாவின் 2003ஆம் ஆண்டுச் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவு, கல்வி நிறுவனங்களில் இருந்து 100 கஜம் (ஏறத்தாழ 91 மீட்டர்) சுற்றளவில் புகையிலை விற்பதைத் தடை செய்கிறது. சுவையுள்ளது, சுவையற்றது என்ற வேறுபாடு இதில் இல்லை. மீறினால் விதிக்கப்படும் தண்டம் 200 ரூபாய் வரை மட்டுமே ஆகும்.