சுவிட்ச் போர்ட்டின் கணக்கேட்டில் மோடம் காலத் தடங்கள்

ஈதர்நெட் சுவிட்ச்சின் போர்ட், பயனரை அடையாளம் கண்ட பிறகே திறக்கும் முறையை ஐ.ட்ரிபிள்.ஈ அமைப்பு 2001இல் 802.1எக்ஸ் என்ற தரமாக வகுத்தது. மறு ஆண்டே மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் அருணேஷ் மிஸ்ராவும் வில்லியம் ஆர்பாவும் அதைப் பற்றிய தொடக்கநிலைப் பாதுகாப்பு ஆய்வை வெளியிட்டனர். இந்தத் தரத்தில் காவல் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். வலையமைப்பு பயனரைச் சோதிக்கிறது. பயனரின் கருவியோ எதிர்முனையைச் சோதிக்காமலே நம்பிவிடுகிறது. ஆகவே வயர்லெஸ் வலையமைப்பில் பொய்யான வெற்றிச் செய்தி அனுப்பி நடுவே புகலாம். உரியவரைத் துண்டித்துவிட்டு அவருடைய மேக் முகவரியோடு அமர்வையே பறிக்கலாம்.

இந்தத் தாக்குதல்களை நான் மறுக்கவில்லை. அவற்றுக்கு இடம் தந்த ஒருபக்கக் காவலை வெறும் வடிவமைப்புக் குறையாக மட்டும் அவர்கள் காண்பதில்தான் மாறுபடுகிறேன். இந்த ஒருபக்க நம்பிக்கை 2001இல் பிறந்ததன்று. தொலைபேசி வழி இணைப்புக் காலத்திலிருந்து வந்த மரபுரிமை என்பது என் துணிபு. அங்கே ஒரு மோடம் போர்ட் என்றால் ஒரு தொலைபேசி இணைப்பு, ஒரே பயனர். எண்ணைச் சுழற்றியவரே பயனர் என்பதால், எதிர்முனை யார் என்ற ஐயம் அவருக்கு எழ வாய்ப்புக் குறைவு.

இதற்கான சான்று பயன்பாட்டுக் கணக்கில் கிடைக்கிறது. அமர்வு ஏன் முடிந்தது என்பதைப் பதிய, பயனரைச் சரிபார்த்துப் பயன்பாட்டைக் கணக்கிடும் ரேடியஸ் நெறிமுறைக்காக 1997 ஜனவரியில் வந்த கணக்கு ஆவணமான ஆர்.எஃப்.சி 2059 ஓர் எண் வரிசையைத் தந்தது. அதில் எண் 2 'லாஸ்ட் கேரியர்': மோடத்தின் கேரியர் சமிக்ஞை அறுந்த நிலை. 2003 செப்டம்பரில் 802.1எக்ஸுக்கு ரேடியஸைப் பயன்படுத்த வழிகாட்டிய ஆர்.எஃப்.சி 3580, போர்ட்டின் இணைப்பு அறுவதையும் அதே எண் 2இல் சேர்த்தது. கேபிளைப் பிடுங்கினாலும் கணக்கேட்டில் ஏறுவது மோடத்துக்காக வகுத்த அதே காரணம்தான்.

பழைய மென்பொருளுக்கு இசைவாகப் பெயரை மட்டும் கடன் வாங்கினார்கள் எனலாம். ஆனால் அதே ஆவணம் 19 முதல் 22 வரை நான்கு புதிய காரணங்களைச் சேர்த்திருக்கிறது. வேண்டிய இடத்தில் புதிய எண் தரத் தயங்காதவர்கள் இங்கே பழையதையே வைத்துக்கொண்டார்கள் என்றால், இரண்டும் ஒரே நிகழ்வு என்று கருதியதாகவே கொள்ள வேண்டும்.

அளவையும் பாருங்கள். பயன்பாட்டு பைட்டுகளை எண்ணும் களம் 32 பிட். 56 கிலோபிட் மோடம் முழு வேகத்தில் ஓடினாலும் அது நிரம்ப ஏழு நாள் ஆகும். 100 மெகாபிட் போர்ட்டில் ஆறு நிமிடம்கூடத் தாங்காது. மிகுதியைத் தனியே எண்ணும் 'கிகாவேர்ட்ஸ்' களங்களை ஆர்.எஃப்.சி 2869 வழி 2000 ஜூனில் சேர்க்க வேண்டியதாயிற்று.

ரேடியஸின் போர்ட் வகைப் பட்டியலில் ஈதர்நெட் நுழைந்த காலத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1997 ஏப்ரல் பதிப்பில் அது இல்லை. 2000 ஜூன் பதிப்பில் எண் 15ஆக நிற்கிறது. அதாவது 802.1எக்ஸுக்கு முன்பே வந்துவிட்டது. முன்னும் பின்னும் டி.எஸ்.எல் வகைகள், 17இல் கேபிள் என்று நிற்பதால், வீட்டு இணைப்புக்காகவே சேர்க்கப்பட்டிருக்கும் என எண்ணுகிறேன். அலுவலகச் சுவிட்ச் அதைப் பின்னர் எடுத்தாண்டிருக்கும். இது ஊகமே, பட்டியல் வரிசையை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது.

மிஸ்ராவும் ஆர்பாவும் சொன்ன மருந்து சரியானது. ஒவ்வொரு பாக்கெட்டின் மெய்த்தன்மையும் உறுதிசெய்யப்பட வேண்டும் என்றார்கள். பாக்கெட்டுகளைக் காக்க 2006இல் வந்த மேக்செக் தரத்தைத் திறவுகோல் உடன்பாட்டோடு 802.1எக்ஸில் இணைத்த 2010 பதிப்பு, கம்பி வலையமைப்பிலும் அதற்கு வழி செய்தது. ஆனால் ஒரு போர்ட்டுக்கு ஒருவர் என்ற பழைய அனுமானத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் நோயின் வேர் பிடிபடாது. போர்ட்டில் ஒரு ஹப்பைச் சொருகினால், ஒருவர் பெற்ற அனுமதியில் பலர் நுழைய 2001ஆம் ஆண்டுத் தரம் இடம் கொடுத்தது. அந்த ஓட்டையை வயர்லெஸ் தாக்குதல்களைக் கொண்டு விளக்க முடியாது. தொலைபேசி இணைப்பின் வரலாறு விளக்குகிறது.